உப்புக் கிடங்குக்கு யார் போகச் சொன்னது

தென்கொரியாவின் சோங்ஜூ நகரில் ஓர் அடுக்குமாடி வீட்டின் சமையலறையில் மண்டி போட்டு, தண்ணீர் இயந்திரத்திலிருந்து பழைய வடிகட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது தாக் சங்கிலுக்கு அந்த அழைப்பு வந்தது.

"தாக் சங்கில் அவர்களா?"

"ஆமாங்க."

"தேசிய விளையாட்டுக் களச் சமநிலை வாரியத்துலேர்ந்து பேசுறோம். பயப்படாதீங்க. உங்க மேல எந்தக் குற்றச்சாட்டும் கிடையாது."

"சரிங்க."

"ஏன் கிடையாதுன்னு தெரிஞ்சுக்கத்தான் கூப்பிடுறோம்."

வடிகட்டியிலிருந்து சொட்டிய நீர் சங்கிலின் காலுறையை நனைத்தது. அவர் கவனிக்கவில்லை. நாற்பதைத் தாண்டிய மனிதர். வீடு வீடாகப் போய் வடிகட்டி மாற்றுவதும், "மாத்தியாச்சுங்க, அடுத்து நாலு மாசம் கழிச்சு வரேன்" என்று சொல்வதும்தான் அவர் பிழைப்பு. வாரத்தில் ஆறு நாளும் அந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் அவர் யாரோடும் பேசியதில்லை என்று சொன்னாலும் பொய்யில்லை. தனியாக இருந்தார். சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் சனிக்கிழமை மதியம், வீட்டுக்குப் பக்கத்திலிருந்த கணினி விளையாட்டுக் கடையில் உட்கார்ந்து, தலையில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டுதான் செலவழிப்பார்.

விளையாட்டின் பெயர் 'இரும்புத் துறை'. மூன்று மூன்று பேராகக் குழு சேர்ந்து, திரைக்குள் ஒரு களத்தில் இறங்கி மற்றக் குழுக்களைச் சுட வேண்டும். ஆட்டம் தொடங்குமுன் எந்தக் களம் என்று எல்லோரும் வாக்களிப்பார்கள். களங்கள் நாற்பது. வாக்கு விழுவது மூன்றுக்கு. அந்த மூன்றிலும் முக்கால்வாசி உப்புக் கிடங்குக்கே விழும். மற்றக் களங்கள் கல்யாணத்துக்கு அழைக்காமல் விட்ட உறவினர்கள் போல ஓரமாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றன.

இதில் வாரியத்துக்கு என்ன வேலை என்றால், அந்தக் களங்களில் பல அரசு மானியத்தில் கட்டப்பட்டவை. ஒவ்வொரு மாகாணமும் தன் பெருமையை ஒரு களமாக்கித் தந்திருந்தது. ஜேஜூத் தீவின் ஆரஞ்சுத் தோட்டம் ஒரு களம். ஜின்செங் மூலிகை வயல் ஒரு களம். மாகாண நூலகம் என்று ஒன்று, புத்தக அடுக்குகளோடு. யாரும் அங்கெல்லாம் போகவில்லை. நம் மாகாணத்தில் இந்த ஆண்டு ஒருவர்கூடச் சுடப்படவில்லை என்று ஓர் ஆளுநர் வருந்தி அறிக்கை விட்டார். மறுமாதம் வாரியம் பிறந்தது. அதன் முதல் அறிக்கை சுருக்கமானது: 'மக்கள் தாமாக ஒரே இடத்தை விரும்ப மாட்டார்கள். விரும்பினால், யாரோ விரும்பச் செய்கிறார்கள்.'

அந்த 'யாரோ'வைத் தேடிய வழியில்தான் வாரியத்தின் கண்ணில் சங்கில் பட்டார். எல்லாச் சனிக்கிழமையும் உப்புக் கிடங்கு. அதிலும் ஒரே இடம், கூரை மேல் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். அதிலும் மணிக்கணக்கில் யாரையும் சுடாமல். சுடும் விளையாட்டில் சுடாதவனைவிடச் சந்தேகத்துக்குரியவன் யார் இருக்க முடியும்?

மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை என்பார்கள். அது மடியை அவிழ்த்துக் காட்டச் சொல்லாத காலத்தில் யாரோ சொன்னது. சங்கில் விடுப்பு எடுத்துக்கொண்டு, இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு சியோலுக்குப் பேருந்து ஏறினார்.

விசாரணைப் பிரிவுத் தலைவர் பெயர் கூக் இன்பியோ. மெலிந்த மனிதர். மடிப்புக் கலையாத சட்டை. குரலை உயர்த்தாதவர். அறையில் ஆறு நாற்காலிகள் இருந்தன. சங்கில் ஒன்றில் உட்காரப் போனார்.

"அது துணைத் தலைவரோடது" என்றார் கூக்.

அடுத்ததை நோக்கி நகர்ந்தார்.

"அது அவர் வராதப்போ அவருக்குப் பதிலா வர்றவரோடது."

கடைசியில் சுவரோரமாக நின்றுகொண்டே பதில் சொன்னார் சங்கில்.

"உப்புக் கிடங்குக்கு முதல்ல உங்கள யாரு போகச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். போனோம்."

"போனோம்." கூக் அதை எழுதிக்கொண்டார். "பன்மை."

"நாங்க மூணு பேரு சார். ஒரே பள்ளிக்கூடம். ஒருத்தன் மொக்போவுல அரிசிப் பலகாரக் கடை வச்சிருக்கான், போங் மான்சிக்னு. இன்னொருத்தன் ஆன்சான்ல பிஸ்கட் கம்பெனியில, சேகால். ஆளுக்கொரு ஊராப் போயிட்டோம். அதான் அங்க பாத்துக்கிறது."

"அங்கன்னா?"

"கூரை மேல சார்."

"நாட்டுல நாற்பது களம் இருக்கு. ஜேஜூ ஆரஞ்சுத் தோட்டம் இருக்கு. அருமையான காத்து. ஒரு தடவையாவது போயிருக்கீங்களா?"

"ஒரு தடவை போனோம் சார். எங்க பாத்தாலும் ஆரஞ்சு. எவன் எங்கேர்ந்து சுடுவான்னே தெரியல. பேச்சே நின்னுபோச்சு."

"பேச்சா?"

"பேசத்தான சார் போறதே. பழகின இடம்னா கை பாட்டுக்கு வேலையப் பாக்கும், வாய் பாட்டுக்குப் பேசும். புது இடத்துல அப்படி முடியாது."

கூக் பேனாவைக் கீழே வைத்தார். அவருடைய பணிக்காலத்தில் பொய் சொன்னவர்கள் ஏராளம். இவ்வளவு மோசமாகப் பொய் சொன்னவர் இவர்தான் முதல் ஆள் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஒரு தாளைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு உப்புக் கிடங்கை வரையச் சொன்னார். சங்கில் வரைந்தார். ஏணியில் உடைந்த படியைக்கூட விடவில்லை. பக்கத்தில் நின்ற வரைபட வல்லுநர் ஒருவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஓர் இடத்தை இவ்வளவு துல்லியமாக அறிந்திருப்பவர்கள் இரண்டே வகை, அங்கே குடியிருப்பவர்கள், அல்லது உளவாளிகள் என்றார். களத்தில் குடியிருப்பு இல்லை என்பதையும் குறிப்பிட்டார்.

மதியம் ஆனது. கூக் யாரையும் கேட்காமல் தொலைபேசியை எடுத்து, "வழக்கம்போல" என்றார். எதிர்க்கடையிலிருந்து எல்லோருக்கும் சோயாக் குழம்பும் சோறும் வந்தது. வாரியத்தார் வந்து அவரவர் நாற்காலியில் அமர்ந்து தலை குனிந்து சாப்பிட்டார்கள். சங்கில் சுவரோரம் நின்றபடி கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, பேச்சுக்காகக் கேட்டார்:

"தினமும் இந்தக் கடைதானுங்களா சார்? வர்ற வழியில நிறையக் கடை பாத்தேனே."

கரண்டிகள் நின்றன.

"வேற கடையா?" என்றார் துணைத் தலைவர். "அங்க எப்படியிருக்கும்னு யாருக்குத் தெரியும்?"

சாப்பாட்டுக்குப் பிறகு சங்கேத மொழி வல்லுநர் வந்தார். மூவரும் கூரை மேல் பேசியதெல்லாம் அவரிடம் இருந்தது. விளையாட்டு நிறுவனம் முறைப்படி ஒப்படைத்திருந்தது. அவர் ஒலிப்பதிவை ஓட்டினார். மான்சிக்கின் குரல்: 'அம்மாவுக்கு வலது முழங்காலு மறுபடி வீங்கிடுச்சுடா. வியாழக்கிழமை ஊசி.'

"'அம்மா' அப்படின்னா நம்ம வாரியத் தலைமையிடம்" என்றார் வல்லுநர். "'வலது முழங்கால்' கிழக்கு வாசல். 'ஊசி' தாக்குதல். அந்த வியாழக்கிழமை கிழக்கு வாசல்ல நம்ம ஆளுங்களக் காவல் போட்டோம்."

"என்ன ஆச்சு சார்?" என்று ஆவலாகவே கேட்டார் சங்கில்.

"ஒண்ணும் நடக்கல. காவல் போட்டது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அதுதான் எங்களுக்குக் கவலை."

"அது நிசமாவே அவங்க அம்மாவோட முழங்கால் சார்."

மறுவாரமே இரண்டு அதிகாரிகள் மொக்போவுக்குப் போனார்கள். பலகாரக் கடையில் மாவு பிசைந்துகொண்டிருந்த மான்சிக்கின் அம்மா, காப்பீட்டு அலுவலகத்திலிருந்து ஒருவழியாக ஆள் வந்துவிட்டது என்று நினைத்து மகிழ்ந்துபோய், வலது முழங்காலோடு இடது முழங்காலையும் காட்டினார். "ரெண்டும்தான் வலிக்குது தம்பி, ரெண்டுக்கும் எழுதிக்கோங்க" என்றார். அதிகாரிகள் எழுதினார்கள். வலது முழங்கால் வீங்கியிருப்பது உண்மை. ஆனால் இடது முழங்காலின் வலி உரையாடல்களில் மறைக்கப்பட்டது ஏன் என்பது மேல்விசாரணைக்குரியது.

விசாரித்த அன்று மாலையே சங்கில் ஊருக்குக் கிளம்பியபோது கூக் வாசல்வரை வந்து வழியனுப்பினார். மரியாதை தெரிந்தவர்.

"ஒண்ணு மட்டும் சொல்றேன். உங்க மூணு பேர்ல ஒருத்தர் எங்களோட ஒத்துழைச்சிருக்காரு."

"யாரு சார்?"

"அதச் சொல்லிட்டா அப்புறம் ஒத்துழைப்புக்கு என்ன மதிப்பு?"

இதையே அவர் மான்சிக்கிடமும் சேகாலிடமும் தொலைபேசியில் சொல்லியிருந்தார் என்பது சங்கிலுக்குத் தெரியாது.

அடுத்த சனிக்கிழமை மூவரும் கூரை மேல் ஏறினார்கள். தொட்டிக்குப் பின்னால் நின்றார்கள். கீழே யாரோ யாரையோ சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சங்கிலு" என்றான் மான்சிக். "உன்னத்தான முதல்ல கூப்பிட்டாங்க."

"ஆமா."

"போனே. அன்னிக்கே விட்டுட்டாங்க."

"அதுக்கு? பிடிச்சு வச்சிருக்கணுமா?"

"ஒரு ராத்திரியாவது வச்சிருந்தா எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருந்திருக்கும்."

"எங்கம்மா மேல சத்தியமா நான் ஒண்ணும் சொல்லலடா."

"அம்மான்னா இப்ப எந்த அம்மான்னு யாருக்குத் தெரியும்" என்றான் மான்சிக். விளையாட்டாகச் சொன்னதா என்று சங்கிலுக்குப் புரியவில்லை. மான்சிக்குக்கே புரிந்திருக்காது. அவன் மாவு வேகிறது என்று சொல்லிவிட்டு வெளியேறினான். மாவு வேகும் நேரமில்லை அது.

சேகால் மட்டும் நின்றான். சற்றுப் பொறுத்து மெல்லக் கேட்டான்:

"நான் அன்னிக்கு உங்கிட்டச் சொன்னேனே. அதுவும் பதிவாயிருக்குமாடா?"

இலையுதிர் காலத்தில் ஒரு நாள், மான்சிக் வரத் தாமதமான மதியம், சேகால் அவரிடம் மட்டும் ஒன்று சொல்லியிருந்தான். பிஸ்கட் கம்பெனியில் அவனுக்கு வேலை போய்விட்டது. மனைவி சொல்ஹீக்குத் தெரியாது. தினமும் காலையில் அவள் இஸ்திரி போட்டுக் கொடுக்கும் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பி, ஆன்சான் நூலகத்தில் மாலைவரை உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போகிறான்.

"இருக்காது" என்றார் சங்கில்.

ஆனால் அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. வாரியம் எல்லாவற்றையும் வைத்துப் பொது விசாரணை நடத்தப்போவதாகவும், நாடு முழுக்க நேரலையில் காட்டப்போவதாகவும் செய்தி வந்திருந்தது. அதற்கும் மூவரையும் அழைத்திருந்தார்கள். திங்கட்கிழமை விடிந்ததும் கூக்கைக் கூப்பிட்டார்.

"சார், ஒரு உதவி. பதிவுல ஒரு இடம் வரும். அதுக்கும் விளையாட்டுக்கும் சம்பந்தமே இல்ல. அத மட்டும் போடாம விட்டுடுங்க."

"எந்த இடம்?"

சொன்னால் காட்டிக்கொடுத்ததாகும். சொல்லாவிட்டால் அதைப் போட்டுவிடுவார்கள்.

"சொல்லுங்க. எந்த இடம்னு தெரியாம எப்படி விடுறது?"

"சேகால் பேசுறது சார். நூலகத்தப் பத்தி."

மறுமுனையில் பேனா மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"நூலகமா?" என்றார் கூக். அவர் குரலில் அதுவரை இல்லாத ஏதோ ஒன்று இருந்தது. "நூலகத்துக்குப் போறாரா? தினமுமா?"

விளையாட்டின் நாற்பது களங்களில் மாகாண நூலகத்துக்குத்தான் யாருமே போனதில்லை என்பது சங்கிலின் நினைவுக்கு வந்தது. தொலைபேசியை வைத்த பிறகு வந்தது.

விசாரணை நாளன்று மண்டபம் நிறைந்திருந்தது. தலைவர் யோம் பேச எழுந்தார். பெரியவர். எத்தனையோ வாரியங்களுக்குத் தலைமை தாங்கிக் கரையேற்றியவர்.

"ஒரே இடத்தையே திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுப்பது ஒரு சமூகத்தின் நோய்" என்றார். "புதியவற்றுக்கு வழிவிடத் தெரியாதவர்களால் நாடு தேங்கிப்போகிறது. இதை நான் இன்று மட்டும் சொல்லவில்லை. இதே மேடையில், இதே நாற்காலியிலிருந்து, ஐந்தாவது முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவனாகச் சொல்கிறேன். பழக்கம் என்பது சிந்திக்க மறுப்பவனின் மெத்தை. எனக்கு முன்னால் இந்தப் பதவியில் இருந்த என் மைத்துனரும் இதையேதான் சொன்னார். எனக்குப் பின்னால் வரப்போகும் அவரும் இதையே சொல்வார். ஆகவே குடிமக்களே, கடற்பாசியைப் பலவிதமாகச் சமைத்து உண்ணுங்கள்."

யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கடற்பாசி வாரியத்தில் அவர் ஆற்றிய அதே உரைதான். கைதட்ட வேண்டிய இடம் எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் தட்டினார்கள்.

பிறகு கூக் எழுந்து, இருளில் ஓர் ஒளியைக் கண்டிருப்பதாகச் சொன்னார். ஒலிப்பதிவு ஓடியது. சேகாலின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

'வேலை போச்சுடா. சொல்ஹீகிட்ட இன்னும் சொல்லல. காலைல கிளம்பி நூலகத்துக்குப் போயிடறேன். சாயங்காலம் வரைக்கும் அங்கதான்.'

"கேட்டீர்களா?" என்றார் கூக். "எவரும் எட்டிப் பார்க்காத நூலகக் களத்துக்கு ஒரு குடிமகன் தினமும் போகிறார். வேலையைக்கூட விட்டுவிட்டுப் போகிறார். மனைவியிடம்கூடச் சொல்லாமல், விளம்பரம் தேடாமல் போகிறார்."

சேகாலை மேடைக்கு அழைத்தார்கள். முன்வரிசையிலிருந்து அவன் எழுந்து நடந்ததைச் சங்கில் பார்த்தார். தோள்களை யாரோ கயிறு கட்டி இழுப்பது போல நடந்தான். அவன் கையில் கனமான பட்டயம் ஒன்றைக் கொடுத்தார் தலைவர் யோம். 'நூலகம் நாடிய நற்குடிமகன்' என்று பொன்னெழுத்தில் பொறித்திருந்தது. கூக் அவன் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். இரண்டு வார்த்தை பேசும்படி ஒலிவாங்கியை நீட்டினார்கள்.

"நூலகத்துல குளிராது" என்றான் சேகால். "யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. ஆன்சானில், சொல்ஹீ வேலை செய்யும் முடிதிருத்தகத்தின் தொலைக்காட்சியிலும் அந்தக் கைதட்டல் கேட்டது. தலையில் சாயம் பூசிக்கொண்டிருந்த ஒரு வாடிக்கையாளர், "அது உங்க வீட்டுக்காரர்தான?" என்று கேட்டு, வாழ்த்தும் சொன்னார்.

சங்கில் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தபோது சொல்ஹீ அழைத்தாள்.

"அண்ணே, உங்களுக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

அவர் சன்னலைப் பார்த்தார். "இலையுதிர் காலத்துலேர்ந்தும்மா."

"அப்ப நான் தினமும் இஸ்திரி போட்டது நூலகத்துக்கு."

"அவன் சொல்றதாத்தான் இருந்தான்."

"வேலை போனதுக்குக் கோவமில்லண்ணே. வேலைன்னா போகும், வரும். ஒரே வீட்டுல எதிர்ல உக்காந்து சாப்பிடற எங்கிட்டச் சொல்லல. ஏதோ ஒரு கூரை மேல ஏறி உங்ககிட்டச் சொல்லியிருக்காரு. அந்தக் கூரையில அப்படி என்னண்ணே இருக்கு?"

தண்ணீர்த் தொட்டி என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் வைத்துவிட்டாள்.

அதன்பின் சேகால் அவர் அழைப்பை எடுக்கவில்லை. மான்சிக்கும் எடுக்கவில்லை. சங்கில் இரண்டு சனிக்கிழமை தனியாகக் கூரை மேல் ஏறி நின்றார். மூன்றாவது சனிக்கிழமை, சமநிலை கருதி உப்புக் கிடங்கு மூடப்பட்டதாகத் திரையில் வந்தது. வாக்கு வாங்கிவந்த மற்ற இரண்டு களங்களான மீன் சந்தையும் பழைய ரயிலடியும் கூடவே மூடப்பட்டன. கடைக்காரர் ராம்யன் நூடுல்ஸ் கிண்ணத்தை அவர் முன் வைத்துவிட்டு, "என்னண்ணே, செத்தது யாரு?" என்று கேட்டார். அந்த வாரம் முழுக்கச் சங்கில் வடிகட்டியைத் தவிர வேறெதையும் பற்றிப் பேசவில்லை.

மூடிய களங்களுக்குப் பதிலாக வாரியமே ஒன்றைக் கட்டியது. நல்லிணக்கச் சமவெளி என்று பெயர். எந்த இடமும் இன்னோர் இடத்தைவிட விரும்பத்தக்கதாக இருக்கக் கூடாது என்பது கொள்கை. சுவர் இருந்தால் சுவரோரம் கூடுவார்கள் என்று ஓர் உறுப்பினர் சொல்ல, சுவர்களை எடுத்தார்கள். மரம் இருந்தால் மரத்தடிக்குப் போவார்கள் என்று இன்னொருவர் சொல்ல, மரங்கள் போயின. மேடு பள்ளம் பாரபட்சம் என்று முடிவாகி நிலம் சமமாக்கப்பட்டது. இறுதியில் கண்ணுக்கெட்டிய வரை ஒரே உயரத்துப் புல். இறங்கியவர்கள் எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். எல்லோரும் எல்லோரையும் சுட்டார்கள். மூச்சு விடுவதற்குள் ஆட்டம் முடிந்தது. சமநிலை இவ்வளவு விரைவில் எட்டப்படும் என்று தாங்களே எதிர்பார்க்கவில்லை என்று வாரியம் அறிவித்தது.

திறப்பு விழாவுக்கு ஒரு கல்வெட்டு வேண்டுமென்றார் தலைவர் யோம். உறுப்பினர்கள் அத்தனை பேர் பெயரும் வர வேண்டும். யார் பெயரும் யார் பெயரைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. ஆகையால் கல் பெரிதாகிக்கொண்டே போனது. சமவெளியின் நடுவில் ஒரு வீட்டளவுக்கு நின்றது. அந்த வெளியிலேயே ஒளிந்துகொள்ள இருந்த ஒரே இடம் அதுதான்.

திறந்த அன்றே நாடு முழுக்க உள்ளவர்கள் இறங்கியவுடன் அந்தக் கல்லை நோக்கி ஓடினார்கள். அடுத்த நாளும் ஓடினார்கள். வாரியம் அந்த மாத அறிக்கையில், 'மக்கள் வேறெங்கும் நில்லாமல் நேராக நம் பெயர்களை நாடி வருகிறார்கள். சிலர் கல்லை அணைத்தபடி உயிர்விடுகிறார்கள்' என்று நெகிழ்ந்து எழுதியது.

சங்கில் ஒரு சனிக்கிழமை மதியம் வேறு வழியில்லாமல் சமவெளியில் இறங்கினார். ஓடினார். கல்லின் நிழலில் ஏற்கெனவே கூட்டம். யாரையும் பார்க்காமல் யோமின் பெயருக்குக் கீழே முதுகைச் சாய்த்துக்கொண்டார்.

"தள்ளி நில்லுடா, காலு மிதிபடுது."

மான்சிக்கின் குரல். அவனுக்குப் பக்கத்தில் குந்தியிருந்த உருவத்தின் தலைக்கு மேல் சேகாலின் பெயர் மிதந்தது. மூவரும் ஒருவரையொருவர் துப்பாக்கியால் குறிபார்த்தபடி சற்று நேரம் நின்றார்கள்.

முதலில் பேசியவர் சங்கில்தான். பேசாமல் இருந்து இருந்து அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"சேகால், அந்த நூலகத்த நாந்தான் சொன்னேன். போட வேணாம்னு கேக்கப் போய் நானே காட்டிக்குடுத்துட்டேன்."

"தெரியும்."

"எப்படி?"

"பட்டயம் குடுக்கறப்ப அந்த கூக் காதுல சொன்னாரு. 'உங்க நண்பர்தான் உங்களுக்காகப் பரிஞ்சு பேசினாரு'ன்னு."

"ஏன்டா எங்கிட்டக் கேக்கல?"

"கேட்டா நீ ஆமான்னு சொல்லியிருப்பே. அதான் கேக்கல."

கல்லின் மறுபக்கம் யாரோ சுடப்பட்டு விழுந்தார்கள்.

"சொல்ஹீ பேசறாளா?"

"பேசறா. இஸ்திரி போடறதில்ல. இப்ப பொட்டலம் பிரிக்கிற இடத்துல வேலை, அதுக்கு இஸ்திரி தேவையுமில்ல. பட்டயத்தக் குழம்புச் சட்டிக்கு அடியில வச்சுக்கறா. நல்ல தடிமன். மேசை சுடறதில்ல."

மான்சிக் தொண்டையைச் செருமினான். "ஒத்துழைச்சது நாந்தான்டா."

இருவரும் அவன் பக்கம் திரும்பினார்கள்.

"போன வருஷம் விளையாட்டப் புதுப்பிச்சாங்கல்ல. அப்ப 'ஒப்புக்கொள்கிறேன்'னு ஒண்ணு வந்துது. படிக்காம அமுக்கிட்டேன். அதுலதான் பேசறதயெல்லாம் குடுக்கலாம்னு இருந்துதாம். அம்மாகிட்டக்கூடச் சொல்லல."

"நானும் அமுக்கினேன்" என்றான் சேகால்.

சங்கில் யோசித்தார். "நானுந்தான்."

அதன்பிறகு துப்பாக்கிகள் கீழே இறங்கின. மான்சிக், அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று என்று ஆரம்பித்தான். எந்த ஆஸ்பத்திரி, யார் கூட இருப்பது என்று பேச்சு சூடு பிடித்த நேரத்தில், நான்காவது உருவம் ஒன்று புல்வெளியைக் கடந்து தட்டுத்தடுமாறி ஓடிவந்தது. சுடத் தெரியாத, குனியத் தெரியாத ஓட்டம். வந்து அவர்களுக்குப் பக்கத்தில் கல்லோடு ஒட்டி நின்றது.

"மன்னிக்கணும்" என்றது. "நான் கூக் இன்பியோ."

மூவரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"பணி நிமித்தமா வரல."

மான்சிக் சுட்டான். கூக் விழுந்தார். சிறிது நேரத்தில் அடுத்த ஆட்டம் தொடங்கியது. மூவரும் கல்லடிக்கு வந்து சேர்ந்தபோது அவர் மறுபடியும் அதே தடுமாறும் ஓட்டத்தில் வந்து நின்றார். அவருக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை.

"ஊழியருங்க எல்லாரும் வாராவாரம் இங்க ஆடணும்னு உத்தரவு. எனக்கு இங்க யாரையும் தெரியாது. உங்க குரல் மட்டும்தான் பழக்கம்." கொஞ்சம் தயங்கினார். "மாசக்கணக்கா உங்க பேச்சக் கேட்டேன். விசாரண முடிஞ்சப்புறம் சனிக்கிழமை மதியம் வீட்டுல ஒரே அமைதியா இருக்கு. என் பொண்ணு எங்கூடப் பேசி ரெண்டு வருஷமாச்சு. எதுக்குன்னு அவளும் சொல்லல, நானும் கேக்கல. கேக்கறது என் தொழில்தான். இருந்தாலும்." நிறுத்தினார். "நான் குறுக்க பேச மாட்டேன். ஓரமா நின்னுக்கறேன்."

மூவரும் அதைக் கேட்டார்கள். சங்கிலுக்கு நெஞ்சின் ஓரத்தில் ஏதோ இளகியது உண்மை. ஆனால் 'பொண்ணு' என்றால் என்ன, 'ரெண்டு வருஷம்' எதைக் குறிக்கிறது என்று மனம் தன்பாட்டுக்குக் கணக்குப் போட ஆரம்பித்திருந்ததும் உண்மை. மற்ற இருவரின் மௌனத்திலும் அதே கணக்கு ஓடுவது அவருக்குக் கேட்டது. துப்பாக்கியை உயர்த்திய மான்சிக், சுடவும் மனமில்லாமல் இறக்கவும் மனமில்லாமல் வைத்திருந்தான்.

"நில்லுங்க சார்" என்றார் சங்கில் கடைசியில்.

கூக் நன்றி சொல்லிவிட்டு ஓரமாக நின்றார். சொன்னபடி குறுக்கே பேசவில்லை.

"மொக்போவுல மேகமா இருக்கு" என்றான் மான்சிக்.

"ஆன்சான்ல காத்து அடிக்குது" என்றான் சேகால்.

"இங்க தூறல்" என்றார் சங்கில்.

அதோடு பேச்சு நின்றது. நான்கு பேரும் கல்லில் சாய்ந்து புல்வெளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெகுநேரத்துக்குப் பிறகு கூக், மிகவும் கவனமாக, சியோலிலும் மழை வரும் போலத்தான் இருக்கிறது என்றார்.

அது எதற்காகச் சொன்னது என்று மூவரும் யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.